ஆடாத வாங்கு

இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது... கிண்ணியாப் பாலம் கடந்து சீனன்குடாப் பக்கம் வருகிற வீதி. இரண்டு பக்கமும் பற்றை. பற்றைக்குப் பின்னால் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள். இருட்டில் தெரியாது, இருக்கின்றன என்று மட்டும் தெரியும். மழை விட்டும் விடாத நேரம். வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள், அதில் ஒரு ஆள். தனியாகத்தான் வந்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, ஹெல்மெட்டுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே வந்தது.

"ஆர் அந்த ஆள்?" என்று சஞ்சீவன் கேட்டான்.

"வெல்டிங் வினோதன்ட மச்சான்," என்றார் அருளம்பலம். "குறுக்க கதையாத. கேள்."

அருளம்பலம் வயரிங் வேலைக்காரர். திருகோணமலை உட்துறைமுக வீதியில் பாதி கட்டி முடிந்த ஒரு கெஸ்ட் ஹவுசில் அன்றிரவு வேலைக்காரர்கள் தங்கியிருந்தார்கள். மழைக்குக் கரண்ட் போய்விட்டது. வயரிங்காரர் படுக்கிற வீட்டிலேயே கரண்ட் இல்லை என்று சொல்லிச் சொல்லி மாலையிலிருந்து சஞ்சீவன் சிரித்து முடித்திருந்தான். அவன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். கெட்டிக்காரன், அதை மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. போத்தல் வாயில் குத்திய மெழுகுதிரியைச் சுற்றி, புதிதாக வந்திறங்கிய இரண்டு நீள மர வாங்குகளில் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அருளம்பலம் மட்டும் ஒரு சீமெந்துப் பையின் மேல் குந்தியிருந்தார். முன்வாசலில் சஞ்சீவனின் மோட்டார் சைக்கிள். அதன் கைப்பிடியில் தொங்கிய மழைக்கோட்டுக்குள் அவனுடைய போன் இடைக்கிடை அடித்தது. திரியாயில் இருக்கிற பெண்சாதிதான். "கிடக்கட்டும், பிறகு எடுப்பம்," என்று அவன் எழும்பவில்லை.

இனி வருவது அருளம்பலம் சொன்ன கதை. பேச்சைக் கொஞ்சம் கழுவித் துடைத்திருக்கிறது. மற்றபடி நையாண்டி, நஞ்சு எல்லாம் அவருடையவை.

வினோதனின் மச்சான் பெயர் பிரகலாதன். வினோதனின் தங்கை நிரோஜினியைக் கட்டியவன். பாலையூற்றில் வீடு. தொழில் ஓடாவி, மரத்தச்சன். கதவு, அலுமாரி, வள்ளம், எது கேட்டாலும் செய்வான், செய்தது பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். கை பொன். வாய் சாக்கடை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவு நிலையை விரலால் தடவுவான். பிறகு அந்த விரலை, அழுகிய மீனைத் தொட்டவன் மாதிரி, முகர்ந்து பார்ப்பான். "ஆர் இதச் செய்தது? ஆடு மேய்க்கிறவனோ?" கலியாண வீட்டில் மணவறையைப் பார்த்து அப்படிக் கேட்டான். செத்த வீட்டில் பெட்டியைப் பார்த்தும் கேட்டான். பெட்டிக்குள் கிடந்தது அவனுடைய சொந்தச் சித்தப்பா.

பேசிவிட்டுப் போகிறவனாக இருந்தாலும் பரவாயில்லை. பிழை என்று கண்ணில் பட்டால் அவனுக்குக் கை அரிக்கும். கழற்றித் திரும்பப் பூட்டினால்தான் தொண்டையில் சோறு இறங்கும். அன்றைக்குக் கிண்ணியாவில் ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் புது வீட்டுக்கு அலுமாரி பூட்டப் போனான். பூட்டினான். கூலியையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாசலில் நஸ்ரி என்ற ஊர் ஓடாவி மாட்டிய முன்கதவு கண்ணில் பட்டது. பட்டவுடன் கழற்றினான். யாரும் கேட்கவில்லை. "வேணாம் தம்பி, அது கிடக்கட்டும்," என்று ஹாஜியார் கையைப் பிடித்தார். நஸ்ரி அங்கேயே நின்றான். அவன் கண்ணுக்கு முன்னாலேயே இவன் சீவிச் செதுக்கி, அவனுடைய தொழிலை, அவனுக்குப் படிப்பித்த உஸ்தாதை, அவனுடைய கண் பார்வையை எல்லாம் வரிசையாக ஏசி, கதவைத் திரும்ப மாட்டினான். கதவு சத்தமில்லாமல் திறந்தது. நஸ்ரி கண்ணைத் துடைத்தான், தன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்ல வேலை செய்து ஒரு மனிதனை அழ வைப்பது எப்படி என்று பிரகலாதனிடம்தான் படிக்க வேண்டும்.

அதில்தான் நேரம் போனது. நிரோஜினி கோல் எடுத்தாள்.

"எங்க நிக்கிறியள்? பிள்ளை உங்களப் பாத்துக்கொண்டு சாப்பிடாமக் கிடக்குது."

"வந்துகொண்டிருக்கிறன். கதவைப் பூட்டாத."

அந்த வாய் நல்ல வார்த்தை சொல்லுகிற ஆள் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது அவனுடைய மகள். அவள் படம் கீறினாலும், கோணல் மாணலாகப் பட்டம் ஒட்டினாலும், "என்ர குஞ்சு, வடிவு," என்பான். அவளோடு சாப்பிட வேண்டும் என்றுதான் அந்த இருட்டில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வந்தான். இதை நினைவில் வைத்திருங்கள்.

இனி தவறணை, அந்தக் கள்ளுக்கொட்டில். அந்த வீதியில் ஒரு தவறணை உண்டு என்று துறைமுகப் பக்கத்துக் கைவேலைக்காரர் எல்லோருக்கும் தெரியும். கண்டவர்கள் குறைவு. வெள்ளைக்காரனின் கப்பல் பட்டறை நடந்த நாளில் ஓடாவி, கொல்லன், மேசன், கப்பலுக்குப் பாய் தைக்கிறவன், ஈயம் பூசுகிறவன், கோயிலுக்குக் கல் கொத்துகிறவன் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து குந்திய இடமாம். பட்டறை போனது. தவறணை போகவில்லை. தாகத்தோடு, கையில் தொழில் சாமானோடு வருகிறவனுக்கு மட்டும் சில இரவுகளில் அதன் லைட் தெரியும். போகலாம். குடிக்கலாம். ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு முறை இருக்கிறது. சாமானை வெளிச்சுவரில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் வாய்க் கள்ளை மேசையின் காலடியில் ஊற்ற வேண்டும். அங்கே கிடக்கிற மேசையும் வாங்கும் அங்கே குந்தியவர்கள் ஆளுக்கொரு துண்டாகச் செய்து சேர்த்தவை. அவற்றைப் புகழக்கூடாது, பழிக்கக்கூடாது, முக்கியமாகக் கை வைக்கக்கூடாது. அங்கே எந்த வேலையும் முடிந்திருக்காது. முடிக்காமல் விட்டதை முடிக்காமலே விட்டுவிட்டு எழும்பி வர வேண்டும்.

வினோதன் இதைப் பலமுறை மச்சானுக்குச் சொல்லியிருக்கிறான். "வெறிக்காரருக்கு ராவில கண்ட லைட்டெல்லாம் தவறணைதான்," என்று மச்சான் சொல்லிவிட்டான்.

அந்த இரவு, எண்ணெய்த் தாங்கிப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமியது... நின்றது.

இறங்கி உதைத்தான். ஒன்றும் இல்லை. திரும்ப உதைத்தான். அப்போதுதான் கவனித்தான்... வேறு சத்தமும் இல்லை. மழை விட்ட இரவு, வீதியோரம் முழுக்கத் தண்ணீர். ஒரு தவளை கத்தவில்லை.

பிறகு மணம் வந்தது. முதலில் கள்ளின் புளிப்பு. அதற்குப் பின்னால் தார். அதற்கும் பின்னால், புதிதாகச் சீவிய முதிரை மரம். கள்ளுக்கும் தாருக்கும் அவன் அசையவில்லை. முதிரைக்கு மூக்கைத் திருப்பினான். திருப்பிய பக்கம் லைட் எரிந்தது.

கிடுகுக் கூரை. பலகைச் சுவர். வாசலில் பெற்றோமக்ஸ் உஸ்ஸ்ஸ் என்று எரிந்தது. சுவர் நீளத்துக்கு ஆணிகள், ஆணிகளில் வாள், சுத்தியல், மேசன் கரண்டி, கொல்லனின் குறடு. வேறு மனிதன் என்றால் அந்த இடத்திலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். இந்த மனிதன் என்ன செய்தான்? பலகைச் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"சீ... கோழிக்கூட்டுக்கும் இப்பிடி அடிக்க மாட்டாங்கள்."

வாசலில் ஒரு பெண் நின்றாள். தங்கரத்தினம் என்று பெயர். அது பிறகு தெரிந்தது. அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"சாமானை வெளியில கொழுவிட்டு வாங்கோ, ஓடாவியார்."

தன்னை ஓடாவி என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் யோசிக்கவில்லை. தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பான். பையைக் கொழுவினான். நனைந்த மழைக்கோட்டையும் கொழுவினான், போன் அதற்குள் இருந்தது. ஆனால் இடுப்பில் ஒரு சின்ன உளி. அதை அவன் பிள்ளை மாதிரி வைத்திருந்தான். இந்தக் கோழிக்கூட்டுச் சுவரில் அதைத் தொங்கவிட மனம் வரவில்லை. களவெடுப்பார்கள் என்று பயம் வேறு. சட்டையால் மூடிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே நீள மேசை. மிகவும் நீளம்... அந்தக் கொட்டில் அவ்வளவு நீளம் இல்லை. ஒரு துண்டு வேம்பு, ஒரு துண்டு பலா, ஒரு துண்டு பாலை, ஒரு துண்டு இரும்பு. இரண்டு பக்கமும் ஆட்கள். சுண்ணாம்புக் கை, கரிக்கை, தார்க்கை. யாரும் கதைக்கவில்லை. எல்லோரும் இரண்டு உள்ளங்கையையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளைகள் மாதிரி.

அவள் சிரட்டையில் கள்ளுக் கொண்டுவந்து வைத்தாள். "முதல் வாய் காலடியில..." என்றாள்.

"நல்ல கள்ளை நிலத்துக்கு ஊத்துற விசரர் ஆர்?" என்று ஒரே மூச்சில் குடித்தான்.

குடித்துவிட்டு எழும்பியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பான். வாசல் திறந்துதான் கிடந்தது. மழையும் இல்லை. பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறாள். எழும்பத்தான் போனான். அப்போது வாங்கு ஆடியது.

கிறீச்... கிறீச்...

திரும்ப இருந்தான். திரும்ப ஆடினான். கிறீச். குனிந்து பார்த்தான். வாங்கின் காலும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடம். நல்ல பொருத்து... மயிர் நுழையாது. செய்தவன் சாதாரண ஆள் இல்லை. இறுக்குவதற்கு ஒரு மர முளை அடிக்கத் துளையும் போட்டிருந்தான். துளை வடிவான துளை. முளை மட்டும் இல்லை. மோசமான வேலையைக் கண்டால் பிரகலாதனுக்குக் கோபம் வரும். நல்ல வேலையை முடிக்காமல் விட்டிருந்தால் விசர் பிடிக்கும்.

"ஆர் இதச் செய்தது?"

"நான்தான்," என்றது பக்கத்துக் குரல். காக்கிக் களிசான், கிழிந்த பெனியன், ஒரு தோள் தாழ்ந்த கிழவன். திரும்பிப் பார்க்கவில்லை. கை மேசையிலேயே இருந்தது.

"முளையை அடிக்க மறந்து போனீரோ? அதுக்கும் ஆரும் வந்து கை பிடிச்சுத் தர வேணுமோ?"

"எனக்கு ஏலாது."

"ஒரு முளை அடிக்க ஏலாதவன் என்னத்துக்கு உளியைத் தொட்டனீர்? வள்ளம் செய்திருந்தால் எத்தினை பேரைத் தாட்டிருப்பீர்?"

கிழவன் அதற்குக் கோபப்படவில்லை. மெதுவாக, கெஞ்சுகிற மாதிரிக் கூடக் கேட்டான்.

"எனக்கு ஏலாது. தம்பிக்கு ஏலுமோ?"

பாருங்கள், ஒரு முட்டாளிடம் இதைக் கேட்டிருந்தால் ஏலாது என்று சொல்லித் தப்பியிருப்பான். அரைகுறைக்காரனிடம் கேட்டிருந்தால் ஏதோ ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போயிருப்பான், அது அடுத்த நிமிஷம் கழன்று விழுந்திருக்கும். கேட்கப்பட்டவன் பிரகலாதன். "இஞ்ச தாரும்," என்று மூலையில் கிடந்த முதிரைக் கட்டை ஒன்றை இழுத்தான். சட்டையைத் தூக்கி இடுப்பு உளியை எடுத்தான்.

"ஓடாவியார்," என்றாள் தங்கரத்தினம் வாசலிலிருந்து. "கை வையாதேங்கோ."

ஒரு தரம்தான் சொன்னாள். அவன் காதில் விழுந்தது. "பொம்பிளையள் வந்து ஓடாவி வேலை படிப்பிக்கிற காலம்," என்று முணுமுணுத்துக்கொண்டு செதுக்கினான். சர்... சர்... என்று சீவல் சுருண்டு விழுந்தது. அந்த நேரம் வெளியே சுவரில் மழைக்கோட்டுக்குள் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். அவனுக்குக் கேட்டது. அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தது. "முடிச்சிட்டு எடுப்பம்," என்றான். முளையைத் துளையில் வைத்தான். உளியின் பிடியைத் திருப்பினான்.

டொக்.

மேசை நீளத்துக்குச் சிரட்டைகள் அப்படியே நின்றன.

டொக்.

பெற்றோமக்ஸ் உஸ் என்ற சத்தத்தை நிறுத்தியது. எரிந்துகொண்டுதான் இருந்தது.

டொக்.

இருந்து பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது வாங்கு.

"ஆடுதா?" என்று கேட்டான் கிழவன்.

"இனிச் சென்மத்துக்கும் ஆடாது."

"முடிஞ்சுதா?"

"ஓம். முடிஞ்சுது."

கிழவன் மேசையிலிருந்து கையை எடுத்தான். எடுத்த இடத்தில், மரத்தில், இரண்டு உள்ளங்கையின் பள்ளம் இருந்தது. அவன் எழும்பினான். எழும்பும்போது தாழ்ந்திருந்த தோள் நிமிர்ந்தது. வாசலுக்குப் போனான்.

பிரகலாதனும் எழும்பினான். எழும்பினேன் என்றுதான் நினைத்தான்... கால் வரவில்லை. யாரும் பிடிக்கவில்லை, யாரும் கட்டவில்லை. கிழவனின் இடத்தில் இருந்த அந்தப் பள்ளங்களுக்குள் தன் உள்ளங்கைகள் இரண்டும் போய்ப் படிந்திருப்பதை அப்போதுதான் கண்டான். அளவு சரியாக இருந்தது.

கோழிக்கூடு என்று அவன் இகழ்ந்த பலகைச் சுவரில் ஒரு இடைவெளி. அதற்குள்ளால் வெளியே தெரிந்தது. யாரோ ஒருவன் அவனுடைய பையைத் தோளில் போட்டான். அவனுடைய மழைக்கோட்டை மாட்டினான். லைட்டுக்கு நேரே திரும்பினான். அது பிரகலாதனின் முகம். நாடியில் சின்ன வயதில் உளி பட்ட தழும்புகூட இருந்தது. போன் திரும்ப அடித்தது. அவன் எடுத்தான்.

"வந்துகொண்டிருக்கிறன்," என்றது பிரகலாதனின் குரல். "கதவைப் பூட்டாத."

மோட்டார் சைக்கிள் முதல் உதையில் ஸ்டார்ட் ஆனது. பின் லைட் பாலையூற்றுப் பக்கம் போய்ச் சிறிதாகி... இல்லாமல் போனது. உள்ளே இருந்தவன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினான். மேசையில் யாரும் திரும்பவில்லை. தங்கரத்தினம் வந்து அடுத்த சிரட்டையை வைத்தாள்.

"இனியாவது முதல் வாயைக் காலடியில ஊத்துங்கோ," என்றாள்.

பாலையூற்றில் நிரோஜினி கதவைப் பூட்டாமல் வைத்திருந்தாள். வந்தவன் வாசலில் நின்று நிலையைத் தடவினான். அது அவர்களுடைய கலியாண வருஷம் பிரகலாதன் தன் கையால் செய்த நிலை.

"நல்ல வேலை," என்றான். "ஆர் செய்தது?"

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

அன்றிலிருந்து பிரகலாதன் திருந்திவிட்டான் என்று ஊர் முழுக்கக் கதை. யார் எதைக் காட்டினாலும் "அருமை" என்றான். கோணல் கதிரை, ஆடுகிற கட்டில், எல்லாம் அருமை. கிண்ணியாவுக்குப் போய் நஸ்ரியின் முன்கதவைத் தடவி, "உங்கட கைக்கு என்ன குடுத்தாலும் தகும் தம்பி," என்றான். கதவை முழுக்கத் திரும்பச் செய்தது பிரகலாதன் என்பதுகூட வந்தவனுக்குத் தெரியவில்லை. நஸ்ரிக்குமா தெரியாது? தெரியும். ஆனாலும் கண் கலங்கிப் போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். சனங்களைச் சொல்ல வேண்டும். உண்மை பேசின மனிதனை நாய் மாதிரி விரட்டினார்கள், புகழ்ந்துகொண்டு வந்தது எது என்று ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. தன் வீட்டுச் சுவரைப் புகழ்கிறவனுக்கு நிழல் விழுகிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பிள்ளை மட்டும் கிட்டப் போகவில்லை. கீறிய படங்களை ஒளித்து வைத்தாள். நிரோஜினி ஒருநாள் தமையனிடம் வந்தாள்.

"அண்ணா, இவர் நித்திரை கொள்ளுறேல்ல. விடியும்வரைக்கும் கட்டில்ல நேர இருக்கிறார். கை ரெண்டையும் முன்னால நீட்டி... மேசையில வைச்ச மாதிரி வைச்சுக்கொண்டு. அதில மேசை இல்ல அண்ணா."

"வாயை அடக்கின மனுசருக்குக் கொஞ்ச நாள் அப்பிடித்தான்," என்றான் வினோதன். அவன் மூளை அவ்வளவுதான் ஓடும்.

வினோதனை உங்களுக்குச் சரியாகத் தெரியாது. வெல்டிங்காரன். ஊரில் பாதிக் கேட்டுக்குப் பாதி வெல்டிங் அவனுடையது. மறுபாதியை யாரோ பிறகு அடித்திருப்பார்கள். எந்த வேலையையும் முடித்த சரித்திரம் இல்லை. கேட்டால் "நாளைக்கு" என்பான். அந்தச் சோம்பேறிதான் மாசி மாதத்தில் ஒரு இரவு, மூதூரில் யாருடைய கேட்டையோ அரைகுறையாக விட்டுவிட்டு, அதே வீதியால் வந்தான். தாகம். கையில் சாமான் பை. லைட் தெரிந்தது.

அவனுக்கு முறை தெரியும். பையை வெளியே கொழுவினான். முதல் வாயைக் காலடியில் ஊற்றினான். நிமிர்ந்தான். எதிரே தாடி வளர்ந்த ஒருவன், உள்ளங்கை இரண்டும் மேசையில். காலையில் பாலையூற்று வீட்டில் இடியப்பம் சாப்பிட்டபோது பக்கத்தில் இருந்து "அருமை" என்று சொன்ன அதே முகம்.

"மச்சான்," என்றான் தாடிக்காரன். மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னான். தவறணைக்குள் நடந்ததென்று நான் இப்போது உங்களுக்குச் சொன்னதெல்லாம் அங்கே அவன் சொன்னதுதான். சொல்லி முடித்துவிட்டு மேசையின் விளிம்பைக் கண்ணால் காட்டினான். புதிதாக ஒரு துண்டு சேர்ந்திருந்தது. முதிரைப் பலகை. பொருத்து... வினோதனுக்கே தெரிந்தது, அப்படி ஒரு பொருத்தை வேறு யாரும் செய்ய ஏலாது. அதில் ஒரு துளை. முளை இல்லை. வாழ்நாளில் ஒரு வேலையையும் குறையில் விடாதவன், தன் கையால் குறை வைத்துச் செய்திருந்தான்.

"எனக்கு ஏலாது மச்சான். உனக்கு ஏலுமோ? ஒரு முளைதான்... தட்டிவிடு. பிள்ளை அங்க அதோட இருக்கிறாள்."

பெண்சாதியின் தமையனிடம்தான் இதைக் கேட்டான். என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டுதான் கேட்டான். கேட்டுக்கொண்டே அழுதான்.

வினோதன் துளையைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். அவன் வாய், யோசிக்காமல், பழக்கத்தில், ஊர் முழுக்கச் சொல்லுகிறதைச் சொன்னது.

"நாளைக்கு வந்து அடிச்சுத் தாறன்."

அந்த ஒரு சொல்லால்தான் அந்த அரைகுறை இன்றைக்கு உயிரோடு திரிகிறது. எழும்பினான், கால் வந்தது. வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"அப்ப பிள்ளையிட்டச் சொல்லு... ராவில கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கச் சொல்லு."

அருளம்பலம் நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார். மெழுகுதிரி பாதிக்குக் கீழே வந்திருந்தது.

"பிறகு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிறகென்ன? தாயும் பிள்ளையும் இப்ப வினோதன்ட வீட்டில. அவன் அந்த வீதியால போறதில்லை. நாளைக்கு இன்னும் வரேல்லயாம்."

"அப்ப பாலையூற்று வீட்டில இருக்கிறது...?"

"ஆரோ. நல்ல மனுசர், எல்லாரையும் புகழுறார். மலிவா வாங்கு செய்து விக்கிறார். கெஸ்ட் ஹவுஸ்காரர் எல்லாம் அவரிட்டத்தான் எடுக்கினம். ஒரு குறைதான்... எல்லா வாங்கும் கொஞ்சம் ஆடும். குறுக்குச் சட்டத்தில துளை இருக்கும், முளை இருக்காது." புகையை விட்டார். "அவர்தான் வெளியில வந்திட்டாரே, இன்னும் ஏன் துளை விடுறார் எண்டு எனக்கும் விளங்கேல்ல. அந்த மேசை நல்ல நீளமெண்டு, இன்னும் நிறையப் பேர் இருக்கினமெண்டு வினோதன் சொன்னவன்."

ஒவ்வொருவராகக் கீழே குனிந்து, தாங்கள் இருந்த வாங்கைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றார் அருளம்பலம். "முந்தநாள் லொறியில வந்தது. அதுதான் நான் சீமெந்துப் பையில இருக்கிறன்."

சுவர்ப்பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் மெல்ல அசைந்து பார்த்தார்கள். கிறீச்... என்றது. துள்ளி எழும்பினார்கள். மற்ற வாங்கிலும் அசைந்து பார்த்தார்கள். சத்தம் இல்லை. கல் மாதிரி இருந்தது.

சஞ்சீவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதையோ பாக்கிறியள்? பின்னேரம் நான்தான் ஒரு முளை செதுக்கி அடிச்சனான். இப்பிடி அரைகுறையா வேலை செய்து போட்டுக் காசு வாங்கிறவனைச் செருப்பால அடிக்க வேணும். ஓடாவியாம் ஓடாவி. எனக்குத் தொழில் டைல்ஸ், அந்த நானே..."

அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி விலகிவிட்டார்கள். வாங்கில் அவன் மட்டும் இருந்தான்.

"எழும்பு, சஞ்சீவன்," என்றார் அருளம்பலம். பீடியை வாயிலிருந்து எடுத்திருந்தார்.

"விசர்க் கதை."

"சரி, விசர்க் கதைதான். ஒருக்கா எழும்பு."

எழும்பத்தான் போனான். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

வெளியே, முன்வாசலில், மழைக்கோட்டுக்குள் போன் அடித்தது. அடித்தது... நடுவில் நின்றது.

"ஓம் ஓம், வந்துகொண்டிருக்கிறன்," என்றது வாசலில் சஞ்சீவனின் குரல். "கதவைப் பூட்டாத."